மணல் வாங்கும் குதிரை, வாங்காத குதிரை

துபாயில் பந்தயத்தில் பணம் கட்ட முடியாது. அதனால்தானோ என்னவோ, மேதான் ரேஸ் கோர்ஸில் எங்கள் கூட்டம் குதிரைகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும். காசு புரளும் இடத்தில் எவரும் தன் கணக்கை வெளியே சொல்வதில்லை. இங்கே எல்லோர் கையிலும் இருப்பது இலவசக் கணிப்புச் சீட்டு ஒன்றுதான், மறைக்க என்ன இருக்கிறது?

கூட்டத்தில் மூத்தவர் ஒரு சென்னைக்காரர். நாங்கள் அண்ணன் என்போம். அவர் அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்தவர் என்பதால் அண்ணன் பேச்சுக்குத் தனி மரியாதை. அவருக்கு ரேஸ் என்றால் புல்தரைதான். அவர் பார்த்த கிண்டியில் அப்போது மணல் தடம் காலைப் பயிற்சிக்கு, பந்தயம் எல்லாம் புல்லில். மழை பெய்தால் பெனட்ரோமீட்டரைத் தரையில் இறக்கி, எவ்வளவு இளகியிருக்கிறது என்று எண் போட்டுச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில், மேதானில் வருஷா வருஷம் நடக்கும் பெரிய பந்தயமான துபாய் உலகக் கோப்பைக்கும் புல்லில் நன்றாக ஓடிய குதிரையாகப் பார்த்து டிக் அடிப்பார். ஆனால் அந்த ஓட்டம் நடப்பது மண்ணில், 2,000 மீட்டர்.

இன்னொருவர் ராஜஸ்தான்காரர். இங்கே ஒரு லாயத்தில் காலைப் பயிற்சி ஓட்டுபவர். அண்ணனுக்கும் அவருக்கும்தான் ஓயாத சண்டை. மண்ணில் ஓடும்போது முன்னால் போகும் குதிரையின் குளம்பு கிளப்பும் மணல் பின்னால் வருகிற குதிரையின் முகத்திலும் நெஞ்சிலும் சரமாரியாக அடிக்கும். ஜாக்கிகள் நாலைந்து கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அழுக்கானதை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்துவிடுவார்கள். குதிரைக்கு அந்த வசதி இல்லை. சில குதிரைகள் முதல் அடியிலேயே தலையைத் தூக்கிவிடும், சில விலகி ஓடப் பார்க்கும். சில மட்டும் காதை மடக்கிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். "கால் பற்றிப் பேசாதீர்கள், முகத்தைப் பாருங்கள்" என்பார் அவர். இளம் குதிரைகளை வேண்டுமென்றே மற்றவற்றின் பின்னால் ஓட்டி மணலுக்குப் பழக்குவதும் அவர் வேலையில் ஒரு பகுதி.

கால் விஷயமும் சின்னதில்லை, அதை அவர் ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. மண்ணில் ஊன்றிய குளம்பு கொஞ்சம் வழுக்கிப் போய்த்தான் நிற்கும். ஆரம்பத்திலேயே வேகம் பிடித்துவிடுவார்கள், கடைசி 200 மீட்டரில் எல்லாக் குதிரையும் களைத்திருக்கும். யார் குறைவாகக் களைக்கிறார் என்பதுதான் பந்தயம். புல்லில் நேர்மாறு. அமைதியாகக் கூட்டமாக வந்து, கடைசியில் பாய்வார்கள். ஐரோப்பியக் குதிரைகள் பெரும்பாலும் புல் ஓட்டத்துக்குப் பழகியவை, அமெரிக்கக் குதிரைகள் மண் ஓட்டத்துக்கு.

மேதான் 2010-ல் திறந்தபோது போட்டது மண் தடமே அல்ல. டாபெட்டா என்ற செயற்கைத் தடம்: மணலும் நாரும் கலந்து மெழுகு பூசியது. அதில் மண் பறப்பது குறைவு, ஓட்டமும் புல் ஓட்டம் போலவே இருக்கும். ஜப்பானில் சுனாமி வந்து 15 நாள்தான் ஆகியிருந்தது, 2011 மார்ச் 26-ல் உலகக் கோப்பையை ஜப்பானின் விக்டுவார் பீசா வென்றான். புல்லில் பேர் வாங்கிய குதிரை. இரண்டாவது வந்த டிரான்செண்டும் ஜப்பான்தான், ஆனால் அவன் மண் குதிரை. அமெரிக்கர்களுக்கு அந்தத் தடம் பிடிக்கவில்லை, வருகை குறைந்தது. அதை எடுத்துவிட்டு மண் போட்டார்கள், 2015 உலகக் கோப்பை மறுபடி மண்ணில் நடந்தது. இடையில் 2013-ல் வென்ற அனிமல் கிங்டம்தான் என் வாதங்களுக்கெல்லாம் இடைஞ்சல். அதற்கு முன் மண்ணில் ஓடியதே இல்லாமல், அமெரிக்காவின் பெரிய மண் பந்தயமான கென்டக்கி டெர்பியை 2011-ல் வென்றான், 2012-ல் அங்கேயே பிரீடர்ஸ் கப் மைலில் புல்லில் இரண்டாவது வந்தான், பிறகு இங்கே செயற்கைத் தடத்திலும் ஜெயித்தான். இப்படி ஒன்று வந்தால் எந்த விதியை வைத்துப் பேசுவது?

மண் திரும்பிய முதல் வருஷம் அமெரிக்காவிலிருந்து கலிபோர்னியா குரோம் வந்ததும், எல்லாம் முடிந்தது என்று பலர் சொன்னார்கள். வென்றது 8 வயது உள்ளூர்க் கிழவன் பிரின்ஸ் பிஷப். குரோம் அடுத்த வருஷம் வந்து, சேணம் பின்னால் சரிந்த நிலையிலும் ஜெயித்துவிட்டுப் போனான். 2017-ல் மழை. அரோகேட் கிளம்பும்போதே தடுமாறிக் கடைசிக்குப் போனான். அத்தனை சேற்றையும் வாங்கிக்கொண்டு எல்லோரையும் தாண்டி, கன் ரன்னரையும் பிடித்துவிட்டான். ராஜஸ்தான்காரர் இதை இன்னும் வருஷம் தவறாமல் சொல்லிக்காட்டுவார்.

அண்ணனுக்கும் ஒரு நாள் வந்தது. 2025 பிப்ரவரியில் சவூதி கோப்பை, ரியாத்தில் 1,800 மீட்டர். ஹாங்காங்கின் ரொமான்டிக் வாரியர் புல்லில் சம்பாதித்த பேரோடு முதல் முறையாக மண்ணில் இறங்கினான். எதிரே ஜப்பானின் ஃபாரெவர் யங், மண்ணிலேயே வளர்ந்தவன். அறையில் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். நேர்ப்பாதையில் வாரியர் முன்னே வந்துவிட்டான், அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். கோட்டருகே ஃபாரெவர் யங் திருப்பிப் பிடித்து ஒரு கழுத்து வித்தியாசத்தில் வென்றான். "புல் குதிரை மண்ணில் ஓடாது என்றாயே, பார்த்தாயா?" என்றார் அண்ணன். "வெளிப்பக்கமாகவே கொண்டுவந்தார்கள், அவன் முகத்தில் எங்கே மணல் பட்டது? அதுவும் ரியாத் மண்ணில் மரத்தூள் கலந்திருக்கிறது, மேதான் மாதிரி குத்தாது" என்று பதில் வந்தது. இந்த விஷயத்தில் நான் ராஜஸ்தான்காரர் பக்கம். மண்ணுக்குப் புதிய குதிரைக்கு வெளிப்பக்க இடம் கிடைத்தால் யோசிப்பேன். உள்பக்கம் கிடைத்து, முன்னே பாயும் வேகமும் இல்லையென்றால் எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும் டிக் அடிக்க மாட்டேன்.

அந்த ஏப்ரல் 5-ல் இரண்டு குதிரைகளுமே மேதான் வந்தன. உலகக் கோப்பையில் ஃபாரெவர் யங் மூன்றாவது. அவ்வளவாக யாரும் எதிர்பார்க்காத ஹிட் ஷோ வென்றான். வாரியரை அன்றே அதற்கு முன் நடந்த துபாய் டர்ஃப் ஓட்டத்தில் இறக்கியிருந்தார்கள், ரியாத் போலவே 1,800 மீட்டர், ஆனால் புல்லில். பிடித்தமான தரைக்கே திரும்பிவிட்டான், இனி கேள்வியே இல்லை என்று அண்ணன் சீட்டில் இரட்டைக் கோடு போட்டிருந்தார். சோல் ரஷ் மூக்கு வித்தியாசத்தில் தட்டிக்கொண்டு போனான். ரியாத் மண்தான் அவன் பலத்தை உறிஞ்சிவிட்டது என்று அண்ணன். அதெல்லாம் இல்லை, அன்றைக்கு எதிரே ஓடியவன் நன்றாக ஓடினான் என்று ராஜஸ்தான்காரர். மெட்ரோ வரைக்கும் இதே பேச்சுதான்.