குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்கும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

டீ மேக்கர், குன்னூர்

வணக்கம். குன்னூர் பக்கம் ஒரு தனியார் டீ பேக்டரியில் மேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவனாக இருக்கிறேன். அடுத்த வருஷம் 58 முடிகிறது. வீட்டம்மாவுக்கு 54. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, கோவையில் இருக்கிறாள். கடன் கிடையாது.

ஓய்வுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு கோடி என்கிறார். யூடியூபில் ஒருவர் மூன்று கோடிக்குக் கீழே பேசவே மாட்டேன் என்கிறார். என் கணக்கைப் பார்த்தால் இரண்டு பேருமே சிரிப்பார்கள். பி.எஃப் சுமார் 23 லட்சம். கிராஜுவிட்டி 4.65 லட்சம் (பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 26,000, அதை 26-ஆல் வகுத்து வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 31 வருஷத்துக்கு). பேங்க் டெபாசிட் 6 லட்சம். ஆக மொத்தம் 33.65 லட்சம். பி.எஃப் பென்ஷன் மாதம் 4,900 வரும் என்கிறார்கள். மலைக்குக் கீழே காரமடையில் மூன்று சென்ட் காலி இடம் இருக்கிறது.

மாதச் செலவு 18,000. இதில் வாடகை இல்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ்தான். தண்ணீர், கரண்ட், குளிருக்கு விறகு எல்லாம் கம்பெனி. ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். டவுனில் இரண்டு ரூம் வீடு 9,000-க்குக் குறைந்து அமையவில்லை. நல்ல வீடுகளையெல்லாம் ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார்கள்.

மேலேயே வாடகைக்கு இருப்பதா, காரமடைக்கு இறங்கி வீடு கட்டுவதா? சௌகரியம் என்றால் எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மாத்திரைக்கும் மொய்க்கும் யோசிக்கக் கூடாது. பேரனுக்குத் தீபாவளித் துணி எடுக்க மகளிடம் காசு கேட்கக் கூடாது.

முன்னாள் போஸ்ட்மாஸ்டர், கொடைக்கானல்

சார், கவுண்டரில் உட்கார்ந்து செட்டில்மென்ட் பணத்தோடு வந்தவர்களை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த 18,000-ஐ நான் நம்பவில்லை. மாசாமாசம் வராத செலவை யாரும் எழுதுவதே இல்லை. மொய், கோயில் வரி, ஸ்வெட்டர், கம்பளி, மழையில் நனைந்து போகும் செருப்பு, கோவைக்கு டாக்டரைப் பார்க்கப் போய்வருவது, மூக்குக் கண்ணாடி, செத்துப்போகும் மிக்ஸி. போன வருஷத்துப் பாஸ்புக்கை எடுத்து, ஏ.டி.எம்மில் எடுத்ததையும் போனில் அனுப்பியதையும் கூட்டி 12-ஆல் வகுத்துப் பாருங்கள். 22,000 என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

பி.எஃப் பணத்தையும் கிராஜுவிட்டியையும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். 55 தாண்டி ஓய்வு பெற்றவர், ஓய்வுக்கால பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட முடியும். உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆக்கினார்கள்; நீங்கள் போடும் அன்றைய வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது. 27.65 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 56,700 ரூபாய் சொச்சம், அதாவது மாதம் 18,900. பென்ஷன் 4,900 சேர்த்தால் 23,800. செலவு 22,000. ஆகா, மிச்சமே இருக்கிறதே என்று தோன்றும்.

அங்கேதான் விஷயம். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால், இரட்டிப்பாக எத்தனை வருஷம் என்று தெரிய 72-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள், 12 வருஷத்தில் செலவு இரண்டு மடங்கு. உங்களுக்கு 70 வயதில் 44,000 வேண்டும். வட்டி அதே 18,900தான், அதுவும் வட்டி விகிதம் குறையாமல் இருந்தால். பென்ஷனும் அதே 4,900. அந்தப் பென்ஷனில் அகவிலைப்படி கிடையாது.

நான் போடும் கணக்கு இப்படி. விலைவாசியைவிட வட்டி இரண்டு சதவீதம் கூடுதலாக வருகிறது என்று வையுங்கள். உங்கள் வீட்டம்மாவுக்கு 90 வயதுவரை என்றால் 36 வருஷம். அதற்கு வருஷத் தேவையைப் போல 25½ மடங்கு கையில் வேண்டும். பென்ஷன் போக உங்கள் தேவை மாதம் 17,100, வருஷத்துக்கு 2.05 லட்சம். சுமார் 52 லட்சம் வருகிறது. வாடகை 9,000 சேர்ந்தால் 80 லட்சம்! வாடகைக்கு மட்டும் 27 லட்சத்துக்கு மேல் தனியாகக் கட்டி வைக்க வேண்டும் என்று அர்த்தம்.

கோடியெல்லாம் வேண்டாம். ஆனால் 33-ம் போதாது.

டீச்சர், கோத்தகிரி

அண்ணா, எல்லாரும் உங்கள் பென்ஷன், உங்கள் வயது என்றே பேசுகிறார்கள். அண்ணி தனியாக இருக்கப்போகும் வருஷங்களுக்கு ஒரு கணக்குப் போட்டீர்களா? என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஆபீசில் இருந்தவர். பி.எஃப் பென்ஷன் 4,200 வந்தது. அவர் போன பிறகு எனக்கு வருவது 2,100. விதியே அப்படித்தான், பாதிதான் மனைவிக்கு. செலவு பாதியானதா என்று கேட்காதீர்கள். கேஸ் சிலிண்டர் வேண்டுமானால் கொஞ்ச நாள் கூட வருகிறது. வாடகை அதேதான். முன்பு அவர் போய்ச் செய்த வேலைக்கெல்லாம் இப்போது ஆட்டோவுக்கும் ஆளுக்கும் கொடுக்கிறேன்.

அந்தச் சேமிப்புத் திட்டக் கணக்கை அண்ணி பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள். மனைவியைச் சேர்க்க அதில் வழி இருக்கிறது. நாமினி மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள்.

இன்னொன்று வைத்தியம். கம்பெனி டிஸ்பென்சரி நின்றுபோகும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருஷம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு வட்டியே அதைத் தாண்டுகிறது. எனவே வேலையில் இருக்கும்போதே இரண்டு பேருக்கும் மெடிக்ளெய்ம் எடுங்கள். சுகர், பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள், அந்தக் காலம் இப்போதே ஓட ஆரம்பிக்கட்டும். ஊட்டியில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வந்துவிட்டதுதான். இருந்தாலும் இதயம், சிறுநீரகம் என்றால் இங்கே இன்னும் கோவைக்குத்தான் ஓடுகிறார்கள்.

அருவங்காட்டிலிருந்து இறங்கியவன், காரமடை

அருவங்காடு வெடிமருந்து பேக்டரியில் ரிட்டயர் ஆகி இங்கே வந்தவன் நான். எனக்குச் சென்ட்ரல் கவர்மென்ட் பென்ஷன், ஆகவே பணத்தைப் பற்றி உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இடத்தைப் பற்றிச் சொல்லலாம்.

இங்கே வாடகை 6,000-க்குக் கிடைக்கிறது. கோவை பக்கம், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் பர்லியாரில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டதே, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்ற பயம் இல்லை. 2009 நவம்பர் மண்சரிவை மேலே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் சித்திரை மாதம் வந்தால் உடம்பு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. முதல் வருஷம் ஏ.சி. வேண்டாம் என்று வீம்பு பிடித்தோம், இரண்டாம் வருஷம் போட்டோம். விறகில் மிச்சமானது கரண்ட் பில்லில் போயிற்று. சாயந்திரம் பேச ஆளும் இல்லை, அது தனிக் கதை.

550 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 என்றாலும் 12 லட்சம். வாடகையைப் போஸ்ட்மாஸ்டர் முறையில் பெருக்கினால் 18 லட்சம் வரும், அதனால் கட்டுவது லாபம்தான். ஆனாலும் ஒரு கோடையை வாடகை வீட்டில் தாட்டிப் பார்த்த பிறகு கடைக்கால் தோண்டுங்கள்.

டீ மேக்கர், குன்னூர்

எல்லாருக்கும் நன்றி. பாஸ்புக்கைக் கூட்டினேன். 22,000 இல்லை, 22,700. டிசம்பரில் மட்டும் நான்கு கல்யாணம்.

சொல்ல விட்டது ஒன்று. கோத்தகிரி பக்கம் ஒரு பாட் லீப் பேக்டரியில் (விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்குவது) 62 வரைக்கும் வரச் சொல்கிறார்கள். 30,000 சம்பளம், ரூமும் உண்டு. மேக்கருக்கு இந்த மலையில் வயது பார்ப்பதில்லை, டிரையரில் கை வைத்தால் தூள் எப்படி வரும் என்று தெரிந்தால் போதும். போகலாமா?

முன்னாள் போஸ்ட்மாஸ்டர், கொடைக்கானல்

கண்ணை மூடிக்கொண்டு போங்கள். ஆனால் ஒன்று. 33.65 லட்சத்தைத் தொடாமல் 8 சதவீதத்தில் நான்கு வருஷம் விட்டால் 45.8 ஆகும். அதற்குள் விலைவாசியோடு அந்த 52-ம் 60-ஐத் தாண்டியிருக்கும். வட்டி மட்டும் பள்ளத்தை மூடாது, அந்தச் சம்பளத்தில் மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர்கள் என்பதுதான் மூடும். பி.எஃப் பென்ஷனையும் 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போடுங்கள், தள்ளும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் கூட்டித் தருவார்கள்.

டீ மேக்கர், குன்னூர்

சரி சார். வீட்டில் பேசினேன். மிச்சம் பிடிப்பதை அவள் பார்த்துக்கொள்கிறாளாம், மொய் நோட்டை மட்டும் அவளிடம் கொடுத்துவிட வேண்டுமாம். காரமடை அண்ணா, நான் வேலையில் இருக்கும்போதே சித்திரைக்கு அவளும் மகளும் ஒரு மாதம் அங்கே இருந்து பார்க்கட்டும் என்று நினைக்கிறேன். வாடகைக்கு வீடு இருந்தால் சொல்லுங்கள். மாடி வேண்டாம், அவளுக்கு முட்டி வலி.