மறு: பிரைமோரியலுக்கு என்ன சொல்லலாம்?

அண்ணா, வணக்கம்.

2 × 3 × 5 × 7 என்று பகா எண்களை வரிசையாகப் பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஆங்கிலத்தில் பிரைமோரியல் (primorial) என்று பெயர். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'பகாப்பெருக்கம்' ஓசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. 12 கூட 2, 2, 3 ஆகிய பகா எண்களின் பெருக்கம்தானே? அப்படிப் பார்த்தால் எந்தப் பகு எண்ணுக்கும் இந்தப் பெயர் பொருந்திவிடும். நமக்கு வேண்டியது 2-இல் தொடங்கி, நடுவில் எதையும் விடாமல், ஒவ்வொரு பகா எண்ணையும் ஒரே ஒரு முறை பெருக்குவது.

குழுவில் இன்னொருவர் சொன்ன 'அடுக்குப் பகா' வேண்டவே வேண்டாம். அடுக்கு என்றாலே பிள்ளைகளுக்கு வர்க்கமும் கனமும்தான் நினைவுக்கு வரும். இந்த எண்ணை எந்தப் பகா எண்ணின் வர்க்கமும் வகுக்காது.

என் வாக்கு 'தொடர்பகாப் பெருக்கம்' என்பதற்கு. 5 × 7 × 11 கூடத் தொடர் பகா எண்கள்தானே என்று கேட்பீர்கள். சரி, பள்ளிப் புத்தகத்தின் 'காரணீயப் பெருக்கம்' (factorial, 1 × 2 × 3 × … என்று பெருக்குவது) மட்டும் 1-இல் தொடங்கு என்று சொல்கிறதா என்ன? அதை வரையறை பார்த்துக்கொள்ளும். முடிவைத்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'ஏழாம் தொடர்பகாப் பெருக்கம்' என்றால் 7-உடன் நிறுத்துவதா, ஏழாவது பகா எண்ணான 17 வரை போவதா என்று குழப்பம் வரும். '17 வரையான' என்றே எழுதலாம்.

மும்பை செம்பூரில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். அங்கே இந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். 'பகா எண்' என்றதும் "பிரைமா அங்கிள்?" என்றார்கள், அதற்கு மேல் சிக்கல் இல்லை. 17 வரையான பகா எண்களைப் பெருக்கி முடித்ததும் பலகையில் 510510. "510-ஐ ரெண்டு தடவை எழுதின மாதிரி இருக்கே" என்றாள் ஒரு பெண். காரணத்தையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள்: 7 × 11 × 13 = 1001; மிச்சமுள்ள 2, 3, 5, 17-ஐப் பெருக்கினால் 510; அதை 1001-ஆல் பெருக்கினால் 510 இரண்டு முறை வந்துவிடும்.

இந்த எண்ணிடம் இன்னும் சரக்கு இருக்கிறது. 13, 21, 34, 55 என்ற நான்கு அடுத்தடுத்த பிபனாச்சி எண்களைப் (முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) பெருக்கினாலும் இதுதான் வரும். 714 × 715-உம் இதுதான். அந்த இரண்டின் பகாக் காரணிகளைத் தனித்தனியே கூட்டினால் இரண்டுக்குமே 29. 1974-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து, முந்தைய சாதனையாளர் பேப் ரூத்தின் 714-ஐக் கடந்தார். அதனால் இப்படிப்பட்ட சோடிகளுக்கு ரூத்–ஆரன் சோடி என்றே பெயர். மும்பைப் பிள்ளைகளிடம் பேஸ்பால் கதை எடுபடவில்லை, அது வேறு விஷயம்.

பாடத்தில் இந்தச் சொல் அதிகம் தேவைப்படுவது, பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று காட்டும் யூக்ளிட் நிறுவலில். இந்தப் பெருக்கத்துடன் 1 கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மறுப்பாக நம் கலைச்சொல் அகராதிப் பதிவில் இந்த எடுத்துக்காட்டைச் சேர்க்கலாம்: "17 வரையான தொடர்பகாப் பெருக்கத்துடன் 1-ஐக் கூட்டினால் கிடைக்கும் 510511 பகா எண் அன்று, அது 19 × 97 × 277."

வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டு இதே வாக்கியத்தை எழுதி அனுப்புங்கள், வாய்க்கு எது வருகிறது என்று பார்ப்போம்.