எல்எஃப்பி செல்: அதே 50%-இல் ஏற்றும்போது ஒரு வோல்டேஜ், இறக்கும்போது ஒரு வோல்டேஜ், ஏன்?

செல்தராசு (கேள்வி)

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) கேத்தோடு, எதிரே லித்தியம் தகடு, காயின் செல். 14 மி.மீ. வட்டில் 10 மி.கி. எல்எஃப்பி, கிராமுக்கு 170 மில்லிஆம்பியர்-மணி வீதம் கொள்ளளவு 1.7 மில்லிஆம்பியர்-மணி. சி/20-இல் (முழுக் கொள்ளளவும் 20 மணி நேரத்தில் ஏறும் வேகம்), அதாவது 85 மைக்ரோஆம்பியரில் ஓட்டுகிறேன்.

காலியிலிருந்து ஏற்றி 50%-இல் நிறுத்தி 10 மணி நேரம் விட்டால் ஒரு வோல்டேஜ். முழுதாக ஏற்றிவிட்டு இறக்கி, அதே 50%-இல் விட்டால் 15 மில்லிவோல்ட் குறைவு. இன்னொரு 10 மணி நேரம் விட்டும் இரண்டும் சேரவில்லை. உள்தடை என்றால் கரண்ட் நின்றதும் மறைய வேண்டுமே? செல் கட்டியதில் பிழையா? 50% என்ற கணக்கிலா?

துகள்நோக்கர்

கணக்குப் பிழையாக இருக்க முடியாது. எல்எஃப்பியின் வோல்டேஜ் நடுப்பகுதியில் தட்டையானது. இரண்டு மூன்று சதவீதம் தவறினாலும் 15 மில்லிவோல்ட் நகராது. செல்லிலும் பிழை இல்லை. நீங்கள் பார்ப்பது துகள்களின் குணம்.

சூடான மணலில் நெல் பொரிவதைப் பாருங்கள். எந்த நொடியில் பார்த்தாலும் சில பொரிந்துவிட்டன, சில இன்னும் நெல். எல்லாம் பாதி பொரிந்த நிலையில் சட்டி இருக்கவே இருக்காது. மெதுவாக ஏற்றும்போது எல்எஃப்பியும் அப்படித்தான். 50% சார்ஜ் என்றால் ஒவ்வொரு துகளிலும் பாதி லித்தியம் என்று பொருளல்ல. ஏறக்குறைய பாதித் துகள்கள் காலி, மீதி நிறைவு. பிரான்சின் போர்தோ ஆய்வாளர்கள் 2008-இல் பாதி சார்ஜ் ஆன மாதிரிகளில் இதையே கண்டார்கள்.

காரணம் இது. பாதி நிரம்பிய துகளுக்கு ஆற்றல் செலவு அதிகம். ஏற்றும்போது லித்தியத்தை வெளியே விடத் தொடங்க ஒரு மேட்டை ஏற வேண்டும். ஏறிவிட்டால் மளமளவென்று காலியாகிவிடும். இறக்கும்போது, லித்தியத்தை உள்ளே வாங்க, எதிர்ப்பக்கமிருந்து அதே மேடு. ஏற்றும்போது வோல்டேஜ் சற்று மேலே, இறக்கும்போது சற்றுக் கீழே நிற்பது அதனால்தான். கரண்டை நிறுத்தினாலும் மேடு அங்கேயே இருக்கிறது. துகள்கள் தத்தம் பள்ளத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. கரண்ட்டைப் பூஜ்யத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே போனாலும் ஏறக்குறைய 20 மில்லிவோல்ட் இடைவெளி மிஞ்சும் என்பது 2010-இலேயே வெளியானது.

ஸ்லரிக்காரர்

மேலே சொன்னது சரி. ஆனாலும் அளந்து பிரித்துவிடுங்கள். சி/20, சி/50, சி/100 மூன்றிலும் 50%-இல் ஏற்ற-இறக்க வோல்டேஜ் இடைவெளியை எடுத்துக் கரண்ட்டுக்கு எதிராக வரையுங்கள். கோடு சாய்வது தடையின் பங்கு. கரண்ட் பூஜ்யமாகும் இடத்தில் எஞ்சி நிற்பதுதான் துகள்களின் பங்கு.

சாய்வு செங்குத்தாக இருந்தால் எலெக்ட்ரோடைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் கார்பன் கட்டி கட்டியிருக்கும். எல்எஃப்பி தானாக மின்சாரம் கடத்தாது. கார்பன் தொடாத துகள் வெறும் எடைதான். எல்எஃப்பி, கார்பன், பிவிடிஎஃப் 90:5:5 விகிதமென்றால் பிவிடிஎஃப்பை (ஒட்டவைக்கும் பசை) என்எம்பியில் (கரைப்பான்) முழுதாகக் கரைத்த பிறகே கார்பனைச் சேருங்கள். கார்பன் கலந்த கூழில் மணல் மாதிரி நெருடல் இருந்தால் எல்எஃப்பியைப் போடாதீர்கள், இன்னும் கலக்குங்கள். பூசியதை 120 டிகிரியில், வெற்றிடத்தில், இரவு முழுக்க உலர்த்துங்கள்.

செல்தராசு

நன்றி. அப்படியானால் மெதுவாக ஏற்றினால் துகள்களுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

துகள்நோக்கர்

அவசரப்பட வேண்டாம். சி/10-இல் ஏற்றுகிறீர்கள், அந்த நேரத்தில் 5% துகள்கள் மட்டும் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கரண்ட்டும் அவற்றின் தலையில். ஒவ்வொன்றும் காண்பது 2சி, அதாவது அரை மணி நேரத்தில் காலியாகும் வேகம். கரண்ட்டைக் கூட்டினால் ஒரே சமயத்தில் வேலையில் இறங்கும் துகள்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. எனவே துகள் ஒன்றின் சுமை நாம் நினைக்கும் அளவுக்கு ஏறுவதில்லை. வேகம் போதுமான அளவுக்குப் போனால் மேட்டைத் தவிர்த்து, லித்தியம் படிப்படியாகக் குறையும் பாதையிலேயே துகள் போய்விடும்; 2014-இல் எக்ஸ்-கதிர் அளவீடு அதைக் காட்டியது.

என்எம்சியில் (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் கேத்தோடு) இந்தக் கதை பெரும்பாலும் இல்லை. அதில் லித்தியம் தொடர்ச்சியாகக் குறைவதால் வோல்டேஜே சார்ஜ் அளவைச் சொல்லிவிடும். அங்கே தொல்லை வேறு: நிக்கல் அதிகமுள்ள வகையில் 4.2 வோல்ட்டை ஒட்டிப் படிக அடுக்குகள் சட்டென்று சுருங்கி, உருண்டைத் துகள் உள்ளிருந்து விரிசல் விடும்.

பேக்வடிவமைப்பாளர்

பேட்டரி பேக் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்எஃப்பி பேக்கில் 20 முதல் 80% வரை நின்ற வோல்டேஜை வைத்து சார்ஜ் அளவைத் திருத்தாதீர்கள். ஏற்றி நிறுத்தியதா, இறக்கி நிறுத்தியதா என்பதைப் பொறுத்தே எண் மாறும். செல்லுக்கு 3.65 வோல்ட் வரை ஏற்றி, கரண்ட் 0.05சி-க்கு இறங்கியதும் 100% என்று பூட்டுங்கள். அங்கிருந்து ஆம்பியர்-மணியை எண்ணி வாருங்கள்.