கைவேலையும் கைக்குழந்தையும்: எந்த வேலையைப் பாதியில் விடலாம்?

ஓலைக்காரி, கிளிநொச்சி

போன செவ்வாய்க்கிழமைக்கு 25 நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கிற பனையோலைப் பெட்டி) தருவதாக ஒரு கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தது 16. மிச்சம் 9 எங்கே என்று அவர் கேட்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். நானே சொல்லிவிடுகிறேன். இரண்டைச் சின்னவன் தலையில் கவிழ்த்துத் தொப்பியாக்கி, பிறகு மேலே ஏறி உட்கார்ந்தான். ஒன்றுக்குள் நடுவிலாள் மண் போட்டுப் புட்டு அவித்தாள். மற்ற ஆறும் இழைக்கப்படவே இல்லை. நனைத்து வைத்த ஓலை காய்ந்து, மடிக்கிற இடத்தில் வெடித்துப் போனது.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவளுக்கு 7 வயது, நடுவிலாள் முன்பள்ளி, சின்னவனுக்கு 14 மாதம். இவர் மேசன் வேலைக்குக் காலை ஆறரைக்குப் போனால் பொழுது படத்தான் வருவார். என் கைக்கு நேரம் கிடைப்பது விடிய நாலரைக்கு. ஓலைக்கும் அந்த நேரம்தான் பிடிக்கும். பனிக்குளிரில் ஓலை துவண்டு கொடுக்கும், விரலுக்குச் சொன்னபடி வரும். பத்து மணி வெயிலில் அதே ஓலை முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் சின்னவனும் பனிக்குளிரில்தான் பால் தேடி எழும்புவான். என்ன செய்வது?

அன்றைக்கு மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “பிள்ளை அழுகுது, ஓலை காயுது, நீ எதையடி பிள்ளை பாக்கப் போறாய்?” என்று கேட்டார். கேட்டதோடு போகாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் போனார். அது வேறு கதை. ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. கைவேலைக்கு நேரம் எப்படி ஒதுக்குவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் நேரம் ஒதுக்கினாலும் அது நம்முடையதாக இருக்காது. எந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எழும்பலாம், எதைப் போட்டால் கெட்டது என்று தெரிந்தால் போதும்.

ஓலையில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். ஈர்க்குக் கழிப்பதை எப்போதும் நிறுத்தலாம். ஓலையைக் கீற்றாக வார்வதையும் நிறுத்தலாம், ஆனால் சத்தகம், வார்கிற சின்னக் கத்தி, கையில் இருக்கும். நான் எழும்பும்போது அதுவும் என்னோடு எழும்ப வேண்டும், நிலத்தில் வைக்கவே கூடாது. அடி இழைக்கிற நேரம்தான் ஆபத்து. அடி திரும்பி மேலே ஏறும்வரை ஓலை ஒன்றையொன்று பிடிக்காது. கையை எடுத்தால் எல்லாம் அவிழ்ந்து தும்பாகிவிடும். அம்மா அந்த நேரம் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு எங்களை அதட்டுவார். எனக்கு அது சரிவரவில்லை. இப்போது உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பை அடியைச் சுற்றி மாட்டிவிட்டு, ஈரத்துணியால் மூடிவிட்டு ஓடுகிறேன். திரும்பி வர அரை மணித்தியாலம் ஆனாலும் அடி அப்படியே இருக்கும். மேலே ஏறிவிட்டதென்றால் பயமில்லை. ஆணியில் கொழுவிவிட்டு அடுத்த நாள்கூட எடுக்கலாம்.

ஆக, விடிய நாலரைக்கு அடி மட்டும். பகலில் ஈர்க்கும் வார்தலும். பிள்ளைகள் படுத்த பிறகு விளிம்பு. இந்த ஒழுங்குக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வாக்குக் கொடுத்தது அதற்கு முதல்.

உங்கள் வீட்டில் எப்படி? ஓலைதான் என்றில்லை, எந்தக் கைவேலை என்றாலும் சொல்லுங்கள்.

நூல்பந்து, வவுனியா

அக்கா, கிளிப் விசயத்தை வாசித்துச் சிரித்தேன். நான் குறோசே, கொக்கியால் நூல் பின்னுகிற வேலை, போடுகிறேன், என்னிடம் இருப்பது ஊக்கு. கொக்கியை உருவினால் கடைசிக் கண் திறந்து கிடக்கும். மகன் நூல் முனையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான் என்றால் மூன்று நாள் வேலை முப்பது செக்கனில் போய்விடும். உண்மையாகவே போனது. ஒரு குழந்தைத் தொப்பி, உச்சியில் இருந்து காது வரைக்கும். அவனுக்கு அது பட்டம் விட்டது மாதிரி. அதன் பிறகு கொக்கியை எடுத்த கையோடு அந்தக் கண்ணில் ஊக்கைக் குத்திவிடுவேன். குத்திய பிறகு அவன் இழுக்கட்டும்.

எனக்கு வேலை ஓடுகிற இடம் வீடில்லை. கிளினிக் வாங்கும் பஸ்ஸும். நம்பர் எடுத்துவிட்டு இருந்தால் ஒன்றரை மணித்தியாலம் சும்மா கிடைக்கும், பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு விளையாடும். சதுரம் சதுரமாகப் போட்டுச் சேர்த்து வைப்பேன், வீட்டில் பொருத்துவது மட்டும்.

ஒரு மனத்தாங்கல். சென்ற மாதம் ஒரு மேசை விரிப்புக்கு 1,800 ரூபாய் சொன்னேன். வாங்க வந்தவர் நூல் சிட்டத்தின் விலையைக் கேட்டு, அதைக் கழித்து, “மிச்சம் என்னத்துக்கு?” என்றார். அந்த மிச்சத்துக்குள்தான் அக்கா, நான் விடிய விடிய முழித்திருந்ததெல்லாம் இருக்கிறது. கொடுக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டு மேசையில் கிடக்கிறது, மேலே தேத்தண்ணிக் கறையோடு.

மெசின்காரி, புதுக்குடியிருப்பு

தையலில் பாதியில் விடுவது சுலபம், ஊசியை இறக்கிவிட்டு எழும்பினால் துணி நகராது. விட்ட பிறகுதான் பயமே. மிதியும் சில்லும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். மூத்தவன் இரண்டு வயதில் மிதியில் ஏறி ஆடினான், தங்கச்சி சில்லுக்குள் விரலை வைத்தாள். நகம் கறுத்ததோடு போயிற்று, கடவுள் காப்பாற்றினார். அன்றையிலிருந்து எழும்பும்போதெல்லாம் மெசின் வாரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். வார் இல்லாவிட்டால் ஊசி ஏறி இறங்காது, ஆனால் மிதியோடு கீழ்ச் சில்லு சுற்றத்தான் செய்யும். கத்தரிக்கோலுக்கு அலுமாரியின் மேல்தட்டு.

2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நிறுத்தினார்களே, அப்போது மோட்டர் மெசின் வாங்கியிருந்த பக்கத்து வீட்டு அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். என் பழைய மிதிமெசின் லாம்பு வெளிச்சத்தில் ஓடியது. ஆனால் அந்த இருட்டில் வெள்ளைச் சட்டைக்கு நீல நூலைப் போட்டுத் தைத்துவிட்டேன். பிள்ளைக்கு விடிந்தால் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் சீருடைத் துணி கொடுத்துவிட்டால் ஊரே ஒரு கிழமைக்குள் தைத்துத் தா என்று வந்து நிற்கும். அந்தக் கிழமை மட்டும் என் பிள்ளைகளை அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அதற்கு மேல் எந்த உபாயமும் என்னிடம் இல்லை.

பன்பாய், வவுனிக்குளம் பக்கம்

பேரப்பிள்ளை கண்டவள் நான், இதை மகள்தான் எழுதித் தருகிறாள்.

“அந்தக் காலத்தில் நாங்கள் அஞ்சு பிள்ளையையும் வைத்துக்கொண்டு பாய் இழைக்கவில்லையா” என்று கேட்கிறவர்களை நம்பாதேயுங்கோ பிள்ளையள். இழைத்தது உண்மை. ஏணைக் கயிறைக் கால் பெருவிரலில் கட்டி ஆட்டிக்கொண்டே இழைத்ததும் உண்மை. ஆனால் அதே வளவில் என் தாய் இருந்தா, இரண்டு மச்சாள்மார் இருந்தார்கள், கலியாணம் கட்டாத ஒரு சித்தி இருந்தா. பிள்ளை ஏணையை விட்டு இறங்கினால் யாரோ ஒருவரின் இடுப்பில் ஏறிவிடும். இப்போது மகளுக்கு வீட்டுத்திட்டக் காணியில் தனி வீடு. வேலிக்கு அங்கால் யார் என்று எனக்கே தெரியாது. சொந்தத்தில் பாதி வெளிநாட்டில், பாதி இல்லை. அவள் மூன்று மாதத்தில் ஒரு பாய் முடித்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

குளத்துப் பன் புல்லில் இழைக்கிற பன்பாய் பாதியில் விடத் தோதான வேலைதான். சுருட்டி மூலையில் சாத்திவிடலாம், திரும்ப எடுக்கும்போது தண்ணி தெளித்தால் போதும். விட முடியாதது பன் அறுக்கிற வேலை. குளத்து நீர் வற்றுகிற காலத்தில், நாலு பேராகப் போனால்தான் உண்டு. முதலை, பாம்பு, பின்னேரமானால் யானை. சின்னப் பிள்ளையை அங்கே கொண்டுபோக முடியாது. நாங்கள் முறை வைத்தோம். மூன்று பேர் அறுக்க, ஒருத்தி எல்லார் பிள்ளையையும் மரத்தடியில் பார்ப்பது. அறுத்ததில் அவளுக்கும் சம பங்கு. இறங்காதவளுக்கு என்னத்துக்குப் பங்கு என்று ஒருத்தி சண்டை பிடித்தாள். அடுத்த நாள் அவளையே மரத்தடியில் இருத்தினோம். ஒன்பது பிள்ளைகள். மத்தியானத்துக்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

பனை அபிவிருத்திச் சபை வந்தது 1978இல். ஓலையில் தொப்பியும் கைப்பையும் செய்து காசு பார்க்கலாம் என்ற கதையெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. அதற்கு முதல் கடகமும் பாயும் வீட்டுச் சாமான், யாரும் அதைக் கைவேலை என்று சொன்னதில்லை.

பூநகரியான்

இங்கே ஒரு ஆம்பிளையும் எழுதலாம்தானே?

ஓலை வெட்டித் தருவது நான், இழைப்பது மனுசி. ஒரு மரத்தில் குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டக்கூடாது. பனைக்கு இருப்பது ஒரே ஒரு முளை, அது செத்தால் மரம் செத்தது. முகமாலைப் பக்கம் சண்டைக் காலத்துச் செல்லடியில் தலை போன பனைகள் எப்படி நின்றன என்று பார்த்தவர்களுக்கு விளங்கும். அதனால் மரம் மாற்றி மாற்றி ஏறுவேன்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். ஓலைக் கட்டை வீட்டுக்குள் வைக்காதீர்கள். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும் என்று நாங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தோம். ஒரு நாள் மகள் ஓலை உருவப் போய்த் தேள் கொட்டி, இரவோடு இரவாக ஆஸ்பத்திரி. இப்போது தாழ்வாரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், எடுக்க முதல் ஒரு உதறல்.

மனுசிக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது என்றால், பின்னேரம் ஐந்திலிருந்து ஏழுவரை பிள்ளைகள் என் பொறுப்பு. ஆவணியில் பனங்காய் வண்டில் கட்டிக் கொடுத்தேன். இரண்டு பனங்காய், நடுவில் ஒரு தடி, தள்ளக் கவட்டுத் தடி. ஒழுங்கையெல்லாம் ஓட்டித் திரிந்தார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவள் ஒரு மூடுபெட்டிக்கு மூலை ஏற்றிவிடுவாள். இதை உதவி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பெட்டி விற்ற காசில் நானும்தானே சாப்பிடுகிறேன்.

பெயர் வேண்டாம், மாங்குளம்

நான் விட்டுவிட்டேன். கிழமைக் கடன் கட்டுவதற்காக இழைத்தேன், ஆர்வத்தில் இல்லை. வியாழக்கிழமை கடன்காரர் வருவார், புதன் இரவு முழுக்க விளிம்பு கட்டுவேன், மகள் பக்கத்தில் கொப்பியோடு தூங்கி விழுவாள். கடன் முடிந்த அன்றைக்குச் சத்தகத்தைக் குசினிக் கூரை இறப்பில் செருகினேன். ஒரு வருசமாகிறது. பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். திரும்ப எடுப்பேனோ தெரியாது, எடுக்கச் சொல்லி யாரும் எழுத வேண்டாம்.

ஓலைக்காரி, கிளிநொச்சி

மாங்குளம் அக்கா, எழுதமாட்டோம்.

பூநகரி அண்ணா, உங்கள் பதிலை இவருக்கு வாசித்துக் காட்டினேன். “அவருக்குப் பனையேறுகிற வேலை, எனக்குக் கொங்கிறீட்” என்றார். ஆனால் நேற்றுப் பின்னேரம் ஆறரைக்குச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் போய் முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார். உதவி என்று நானும் சொல்லவில்லை.

பன்பாய் அம்மா சொன்ன முறை வைக்கிற விசயத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் ஓலை இழைக்கிறவர்கள் மூன்று பேர் இருக்கிறோம், மூவருக்கும் முன்பள்ளிப் பிள்ளை. கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.

2009இல் சண்டையில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது எனக்கு 13 வயது. அங்கே பனையும் இல்லை, ஓலையும் இல்லை. நிவாரணப் பெட்டிகளைக் கட்டி வந்த பிளாஸ்டிக் நாடாவைச் சேர்த்து வைத்து அம்மம்மா ஒரு கூடை இழைத்தார். நான் மூலை மடிக்கப் பழகியது அந்த நாடாவில்தான். அது ஓலை மாதிரி இல்லை, மடித்தால் எழும்பும், எழும்பினால் முகத்தில் அடிக்கும். இப்போது மூத்தவளும் மடிக்கக் கேட்கிறாள். கழிவு ஓலை கொடுத்தேன். குட்டான் (சின்ன ஓலைப்பெட்டி) என்று சொல்லி ஒன்றைக் கொண்டுவந்தாள், நிறுத்தினால் சரிந்து விழும். அதற்குள் தன் அழிறப்பரைப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிறாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சின்னவனுக்குக் கிலுகிலுப்பை செய்யப்போனபோது, பார்க்க வடிவாக இருக்கும் என்று உள்ளே குன்றிமணி போடச் சொன்னார்கள். போடாதீர்கள். மென்றால் நஞ்சு, பிள்ளைகள் ஓலையைக் கடித்துத் திறந்துவிடுவார்கள். நான் உள்ளே நெல்லுப் போட்டேன். சத்தம் குறைவுதான். சாயம் போட்ட ஓலையும் வாயில் வைக்கிற பிள்ளைக்கு வேண்டாம், வெள்ளையோலையே போதும்.

கடைக்காரருக்குக் கொடுக்க இன்னும் 9 இருக்கிறது. ஏழாவதற்கு அடி பிடித்திருக்கிறேன், பாதி திரும்பிவிட்டது. உள்ளே சின்னவன் இருமுகிறான். கிளிப் மாட்டிவிட்டுப் போகிறேன்.