ஓடந்துறைக் காற்றாலையும் நம்மூர் மேய்க்கால் புறம்போக்கும்

காட்பாடி ஓய்வூழியர்: போன வாரம் இந்த இணைய மன்றத்தில் ஒரு மேதாவி எழுதியிருந்தார்: "ஓடந்துறை ஊராட்சி 2006-இல் ஊருக்குள்ளேயே காற்றாலை நிறுத்திக்கொண்டது. கிராம சபையில் மக்களைக் கேட்டால் வேலூர் மாவட்டத்திலும் ஊருக்கு ஒன்று நிறுத்தலாம்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்தக் காற்றாலை ஊருக்குள் இல்லை ஐயா! ஓடந்துறை இருப்பது மேட்டுப்பாளையம் பக்கம். காற்றாலை நிற்பது உடுமலைப்பேட்டைக்கு அருகே, மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கேதான் வீசுகிறது. மின்வாரியத்தில் நரைத்தவன் சொல்கிறேன், முதலில் வரைபடத்தைப் பாருங்கள்.

இலவம்பாடி முள்ளுக்கத்திரி: அந்த மேதாவி நான்தான். எங்கே நின்றால் என்ன? 350 கிலோவாட் காற்றாலை, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய் செலவு. கடன் வாங்கியது ஊராட்சி, மின்சாரம் விற்ற பணமும் ஊராட்சிக்கே. அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பொருள்களில் ஊரக மின்வசதியும் மரபுசாரா எரிசக்தியும் இருக்கின்றன. 1993-இலிருந்து ஏட்டில் தூங்குகின்றன. அதைப் பற்றி ஒரு வரி பேசாமல் தூண் எங்கே நிற்கிறது என்று அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

காட்பாடி ஓய்வூழியர்: எங்கே நின்றால் என்னவா? அங்கேதானே விஷயமே இருக்கிறது! மக்களைக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். எந்த மக்களை? மைவாடிக்காரர்களை யார் கேட்டார்கள் என்று உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லையே. மைவாடி, மைவாடி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் தறி: இருவரும் காற்றாலையை விட்டு இறங்குங்கள். நம் பக்கம் காற்று எங்கே இருக்கிறது, வெயில்தான் இருக்கிறது. சூரிய ஒளிமின் திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. அதனால் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. கர்நாடகத்தின் பாவகடா சூரிய மின் பூங்காவில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை கொடுத்தார்கள். நிலம் வைத்திருந்தவருக்குப் பணம். அதே நிலத்தில் களை பறித்துப் பிழைத்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும்? நாளை அணைக்கட்டுப் பக்கம் மேய்க்கால் புறம்போக்கில் தகடு பதிக்க வந்தால் யாரைக் கேட்பார்கள்? ஆட்டுக்காரரிடம் பட்டா இல்லையே.

காட்பாடி ஓய்வூழியர்: அம்மா, ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் போதும். ஊர் ஆடுகள் பட்டினி கிடக்காது. நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்களா? நான் கேட்டதற்கு முள்ளுக்கத்திரி இன்னும் பதில் சொல்லவில்லை. காற்றாலை ஓடந்துறையில் இருக்கிறதா, இல்லையா?

குடியாத்தம் தறி: ஒரு மெகாவாட்டோடு நிறுத்திக்கொள்வார்களா? பாவகடாவில் 2,000 மெகாவாட்டுக்கு மேல். பெருக்கிப் பார்த்துவிட்டு ஆட்டின் வயிற்றைப் பற்றிப் பேசுங்கள்.

பீஞ்சமந்தைச் சாமை: எங்கள் மலையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை போலிருக்கிறது. மழையோடு காற்றடித்தால் கம்பி அறுந்து இருட்டில் கிடப்பது நாங்கள். திட்டம் பேசுகிற கூட்டம் மட்டும் எப்போதும் அடிவாரத்தில்.

ஆம்பூர் பாலாற்றான்: "நம் வேலூர் மாவட்டம்" என்று யாரைச் சேர்த்துச் சொல்கிறீர்கள்? 2019-இல் மூன்றாகப் பிரித்தாகிவிட்டது. நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம். தோல் தொழிற்சாலைக் கழிவு என்றால் மட்டும் ஆம்பூர் நினைவுக்கு வரும், மின்சாரம் என்றால் காட்பாடிதான் பேசும்.

காட்பாடி ஓய்வூழியர்: பாலாற்றானே, பாலாற்று மணல் விவாதத்தில் பாதியில் ஓடியவர் நீங்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தபோதுகூட இப்படி யாரும் மூக்கைச் சிந்தவில்லை.

ஆம்பூர் பாலாற்றான்: ஓடவில்லை. உங்களோடு பேசினால் பொழுது விடிந்துவிடும் என்று உறங்கப் போனேன்.

இலவம்பாடி முள்ளுக்கத்திரி: ஓய்வூழியர் ஐயா, இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் மாடியில் சூரியத் தகடு உண்டா? 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்.

காட்பாடி ஓய்வூழியர்: வாடகை வீட்டுக்காரன் எந்த மாடியில் வைப்பான்? என் கூரை உங்களுக்கு எதற்கு? பேச்சை மாற்றாதீர்கள். மைவாடி!

இலவம்பாடி முள்ளுக்கத்திரி: சரி, அக்டோபர் 2 அன்று எங்கள் கிராம சபைக்கு வந்து இதையே கேளுங்கள். ஓ, மறந்துவிட்டேன்! காட்பாடி வேலூர் மாநகராட்சிக்குள் ஆயிற்றே. உங்களுக்குக் கிராம சபையே கிடையாது. கிராம சபை இல்லாதவர்தான் கிராம சபையைப் பற்றி இத்தனை பதிவு போட்டிருக்கிறார்.

காட்பாடி ஓய்வூழியர்: நகரத்து மக்கள் கூடிப் பேச எங்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. சட்டம் தெரியாமல் பேசாதீர்கள்.

குடியாத்தம் தறி: கடைசியாக அது எப்போது கூடியது ஐயா?

காட்பாடி ஓய்வூழியர்: அது வேறு விவாதம். தனியாகப் பதிவு போடுங்கள், அங்கே வந்து பதில் சொல்கிறேன். பாலாற்றானையும் கூட்டி வாருங்கள்.