மூணு மடங்கு இருக்கிற பறவைக்கு என்ன ஆபத்து?

உப்பளத்தான்:
நேத்து ஒருத்தர் "சிறு பூநாரை அழிவை நெருங்குது, பெரும் பூநாரைக்குக் கவலையில்லை"ன்னு எழுதிட்டுப் போயிருக்கார். படிச்சதுமே எரிச்சல். உலகத்துல சிறுசு 20 லட்சத்துக்கு மேல. பெருசு ஆறேழு லட்சம். எதுங்க குறைச்சல்?

நீர்க்கோழி:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் (ஐயுசிஎன்) போடுற சிவப்புப் பட்டியல்ல சிறுசு "அச்சுறுத்தலை நெருங்கியது", பெருசு "கவலை குறைந்தது". போய்ப் பாருங்க.

உப்பளத்தான்:
பட்டியல் போட்டவங்களுக்குக் கணக்கு வரலைன்னா நான் என்ன பண்ண? 20 பெருசா, 6 பெருசா?

நீர்க்கோழி:
தலையை எண்ணினா போதுமா? கிழக்கு ஆப்பிரிக்கச் சிறு பூநாரைகள் குஞ்சு பொரிக்க நம்பியிருக்கிறது தான்சானியாவோட நேட்ரான் ஏரியைத்தான். 2006 வாக்குல அங்கேயே சோடா சாம்பல் ஆலை வைக்கப் பார்த்தாங்க. பெருசுக்கு அப்படியா? ஆப்பிரிக்காவை விட்டா பிரான்ஸ், ஸ்பெயின், துருக்கின்னு ஊர் ஊரா வீடு.

உப்பளத்தான்:
ஆலை வந்துச்சா? வரலைல்ல? வராத ஆலைக்கு ஒப்பாரி.

ஆலா:
கென்யாவுல நகுரு ஏரிக்கு என்ன ஆச்சு? தண்ணி ஏறி உப்பு நீர்த்துப்போச்சு. ஸ்பைருலினா குறைஞ்சு கூட்டமே கலைஞ்சுது. சிறுசுக்கு அந்தப் பாசிதான் சோறு. பெருசு கூனி, புழு, நத்தைன்னு கிடைச்சதைத் தின்னு பொழைச்சுக்கும்.

உப்பளத்தான்:
கலைஞ்சா செத்துடுச்சா? பக்கத்துல பொகோரியா ஏரிக்குப் போயிருக்கும். இடம் மாறினதையெல்லாம் அழிவுன்னா நானும்தான் மூணு வீடு மாறிட்டேன். இருபது லட்சம் சார், இருபது லட்சம்!

ஆலா:
2019 ஜனவரியில தென்னாப்பிரிக்கா கிம்பர்லி பக்கம் காம்ஃபர்ஸ் அணை வத்தி, தாய்ப்பறவைங்க குஞ்சுகளை அப்படியே விட்டுட்டுப் போச்சு. மனுஷங்க அள்ளிட்டு வந்து வளர்த்தாங்க. அதுவும் வீடு மாத்தினதா?

உப்பளத்தான்:
ஒரு அணையைக் காட்டி 20 லட்சத்தை மறைக்காதீங்க.

நீர்க்கோழி:
இவர்கிட்ட பேசி என்ன ஆகப்போகுது. போன வருஷம் கோடியக்கரைப் படத்துல வெளிர் ரோஸ் அலகு, நுனி மட்டும் கறுப்பு. அதுக்கு "சிறு பூநாரை"ன்னு தலைப்புப் போட்ட மகான் இவர். சிறுசுக்கு அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு ஐயா!

உப்பளத்தான்:
பழசைக் கிளறினா பதில் வராதுன்னு அர்த்தம்.

பழவேற்காட்டான்:
எங்க ஊருக்கு வர்றது எது? பெருசுதானே?

நீர்க்கோழி:
பெருசுதான். உப்பளத்தானைக் கேட்டா வேற சொல்வார்.

உப்பளத்தான்:
அந்தப் படம் என் மச்சான் எடுத்தது. தலைப்பும் அவன் போட்டதுதான். இப்பவாவது யாராவது சொல்லுங்க, 20 பெருசா 6 பெருசா?

ஆலா:
மச்சானையே கூப்பிடுங்க, அவர்கிட்ட பேசிக்கிறோம்.