-24 வந்தால் கையெழுத்துப் போடாதே என்று கிளப்பிவிட்ட மேதாவி யார்?

வயர்மேன்_செந்தூல்: வாட்சப்பில் ஒரு பைபர் அறிவுரை சுற்றுகிறது. "லைன் போட வந்தவர் மீட்டரில் -24 டிபிஎம் காட்டினால் பாரத்தில் கையெழுத்துப் போடாதே, ஸ்பீடு பாதியாகிவிடும், -15 வரும்வரை விடாதே." எழுதியவர் வெளியாள் இல்லை, நம்ம பாயான்பாரு_பையன்தான். டிபிஎம் என்பது பைபர் கம்பியில் வந்து சேர்கிற வெளிச்சத்தின் அளவு; மைனஸ் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு. ஜிபோன் லைனில், அதாவது ஒரே பைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிற லைனில், -27 வரை பிடியூ (வீட்டில் பைபர் வந்து முடிகிற பெட்டி) சிக்னலை ஒழுங்காகப் பிடிக்கும். -24 என்றால் இன்னும் 3 டிபி கையிருப்பு. ஸ்பீடு ஒரு எம்பிபிஎஸ்கூடக் குறையாது. இதை நம்பி எத்தனை பேர் கான்டிராக்டரைத் திருப்பி அனுப்பினார்களோ!

பாயான்பாரு_பையன்: என் பேரை இழுத்தாச்சா, சந்தோஷம். 3 டிபி என்றால் பாதி வெளிச்சம், தெரியுமில்ல? டிவி கேபினட்டுக்குப் பின்னால் கம்பியை மடக்கித் திணித்தால் அந்த 3 டிபி ஒரே நாளில் காலி. வளைவைத் தாங்குவதற்கென்றே செய்த ஏ2 ரகக் கம்பியே 7.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைத்தால் தாங்காது. அப்புறம் சிக்னல் போனதைக் காட்டுகிற எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிரிக்கும். -24 -24தான்.

வயர்மேன்_செந்தூல்: மடக்கினால் போகும் என்பது வேறு, ஸ்பீடு பாதியாகும் என்பது வேறு. நீ எழுதியது ரெண்டாவது. கணக்குப் போடு தம்பி. எக்ஸ்சேஞ்சில் இருந்து கிளம்பும்போது 3 டிபிஎம் என்று வை. 32 வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் 17 டிபியைச் சாப்பிடும். ஆச்சா, -14. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.3 வீதம் 4 கிலோமீட்டர். இணைப்பு, ஒட்டு எல்லாம் சேர்த்து இன்னொரு 2, 3. -18 வந்தாலே நல்ல லைன். 64-க்குப் பிரித்திருந்தால் -21. உனக்கு -15 வேணும்னா எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே பாய் போட்டுப் படு.

கெப்போங்77: அண்ணே, உங்க கணக்குப்படியே -21தானே? மீதி 3 எங்கே போச்சு? பக்கத்து வீட்டில் -19 இருந்து நம்ம வீட்டில் மட்டும் -24 என்றால், அந்த 5 டிபியைத் தின்றது கம்பத்தில் இருந்து சுவர்ப் பெட்டிக்குள் ஏதோ ஒன்று. பைபர் முனையில் இருக்கிற பச்சைத் தலையை விரலால் தொட்டு, சட்டையில் துடைத்துச் சொருகினால் இப்படித்தான் வரும். துடைக்கிற பேனாவால் ஒரு சொடுக்கு, மறுபடி மீட்டர். ரெண்டு நிமிஷ வேலை. அதைச் செய்யச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பாயான்பாரு_பையன்: இதைத்தான் நானும் சொன்னேன்!

வயர்மேன்_செந்தூல்: நீ இதைச் சொல்லவே இல்லை. ஸ்பீடு பாதி என்று சொன்னாய். மேலே இருக்கு, அழிக்காதே. மீட்டரில் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டரில் நின்றதா 1550-ல் நின்றதா என்று பார்த்தாயா? அதுவும் இல்லை.

தாமான்வாசி: செராஸ் பக்கம் மாடிவீடு, 24 மாச ஒப்பந்தம் போடணும். எந்தக் கம்பெனி நல்லது?

கெப்போங்77: தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு யூனிபை, மேக்சிஸ், செல்காம்டிஜி எதை எடுத்தாலும் பெரும்பாலும் கம்பத்தில் ஓடுவது டிஎம் (டெலிகாம் மலேசியா) கம்பிதான். மாறுவது பில், ரௌட்டர், வெளிநாட்டுப் பாதை, போன் எடுக்கிற ஆள். டைம் பெரும்பாலும் கொண்டோவுக்கு, அது தனிக் கம்பி. சொந்த ரௌட்டர் போடுவதானால் வீலான் எண்ணை (லைன் கிடைக்க ரௌட்டரில் பதிக்கிற கம்பெனி எண்) கேட்டு வாங்குங்கள். யூனிபை 500, டிஎம் கம்பியில் மேக்சிஸ் 621.

பாயான்பாரு_பையன்: கம்பி ஒன்றுதான் என்றால், மாற்றினாலும் அதே -24தானே!

வயர்மேன்_செந்தூல்: மறுபடியும் -24. சரி, "பாதி ஸ்பீடு" எங்கிருந்து வருகிறது, நானே சொல்கிறேன். 300 எம்பிபிஎஸ் பிளானில் டெஸ்ட் 94 காட்டும். எத்தனை தடவை அளந்தாலும் 94-ஐ ஒட்டியே. பிடியூவில் இருந்து ரௌட்டருக்குப் போகிற லேன் வயரில் எட்டுக் கம்பியில் நாலுதான் ஒழுங்காகக் கடித்திருக்கும். போர்ட் 100-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். வயரை மாற்று, தலையைப் புதிதாகக் கிரிம்ப் அடி, முடிந்தது. வெளிச்சம் -24 ஆனாலும் -16 ஆனாலும் அந்த 94 நகராது. இல்லாவிட்டால் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு 2.4 கிகாஹெர்ட்ஸில் போனை வைத்து அளப்பது. அதுக்கும் பழி பைபர் மேல்.

பாயான்பாரு_பையன்: போன மாசம் மெஷ் (வீடு முழுக்க வைபை பரப்புகிற பெட்டிகள்) திரியிலும் இப்படித்தான் வாத்தியார் வேலை பார்த்தீர்கள். மூணு மெஷ் வாங்கியவனை அழவிட்டீர்கள்.

வயர்மேன்_செந்தூல்: 800 சதுர அடி வீட்டுக்கு மூணு மெஷ் வாங்கினால் அழத்தான் வேணும்.

தஞ்சோங்_தாத்தா: கேஎல்காரர்கள் கம்பம் கம்பமாகப் பேசுகிறீர்கள். பினாங்கு ஜோர்ஜ்டவுனில் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பகுதியில் கடைவீட்டு முகப்பில் இஷ்டத்துக்கு ஓட்டை போட முடியுமா? முதலில் கம்பி எந்த வழியாக நுழையும் என்று முடிவு பண்ணுங்கள். டிபிஎம் அப்புறம்.

கெப்போங்77: பழைய கொண்டோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தாத்தா. சில கட்டடத்தில் பைபர் கீழ்த்தளத்தோடு நின்றுவிடும், வீட்டுக்கு ஏறுவது பழைய டெலிபோன் தாமிரக் கம்பி, விடிஎஸ்எல். அங்கே -24 என்ற பேச்சே கிடையாது. ஒப்பந்தத்துக்கு முன்னால் மேனேஜ்மெண்டிடம் ரைசர் அறை (கம்பிகள் மாடிக்கு ஏறுகிற அறை) சாவி, துளை போட அனுமதி, டெபாசிட் மூணையும் கேட்கணும்.

வயர்மேன்_செந்தூல்: தாத்தா சொல்வது நியாயம், ஆனால் திரி அதைப் பற்றி இல்லை. -24-ல் ஸ்பீடு பாதியாகும் என்பதற்கு ஒரே ஒரு படம் போடச் சொல்லுங்கள் அந்தப் பையனை. பிடியூ பக்கத்தில் வெளிச்ச அளவு, லேன் வயரில் எடுத்த டெஸ்ட், ரெண்டும் ஒரே படத்தில்.

பாயான்பாரு_பையன்: போடுகிறேன். முதலில் நீங்கள் போன வருஷம் "நீலத் தலையைப் பச்சையில் சொருகலாம், ஒன்றும் ஆகாது" என்று எழுதியதற்குப் படம் போடுங்கள்.

வயர்மேன்_செந்தூல்: அப்படி எழுதவில்லை. பச்சை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேர். ரெண்டையும் சேர்த்தால் நடுவில் காற்று, சில டிபி போகும், முனையும் கீறும். சொருகினால் லைன் வந்தாலும் வரும் என்றுதான் எழுதினேன்.

பாயான்பாரு_பையன்: ஓ, "வந்தாலும் வரும்". எத்தனையில் வரும்? -24-லா?